நீங்கள் மாற்றாமல் சொன்னது

தர்சிகாவின் அப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு முகமில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமென்று என் அண்ணன் துள்ளியபோது, "பிள்ளைய கோர்ட்டு வாசல்ல நிறுத்த வேணாம், பேசியே பிரிஞ்சிக்குவோம்" என்று மத்தியஸ்த சபைக்குக் கூப்பிட்டவர் நீங்கள். அன்று சபையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்குச் சிங்களம் பேச வராது. நான் சொல்வதை நீங்களே சிங்களத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் குடித்துவிட்டு என்னை அடித்ததைச் சொன்னேன். அது உண்மை. அப்படியே சொன்னீர்கள்.

பிறகு அண்ணன் சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன். "பிள்ள காய்ச்சல்ல கெடந்தப்பகூட இவரு எட்டிப் பாக்கலங்க."

என்னை ஒருமுறை பார்த்தீர்கள். அந்தக் காய்ச்சலின்போது கொட்டும் மழையில் ரப்பர் தோட்ட மலை இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெஹியோவிட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் நீங்கள். மறுத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு அதையும் மாற்றாமல் சொன்னீர்கள். சிங்களம் பேசத்தான் வராது, கேட்டால் எனக்குப் புரியும்.

நீங்கள் மாதம் ஒருமுறைதான் மகளைப் பார்க்கலாம் என்று முடிவானது. நானும் கையெழுத்துப் போட்டேன். அவள் தினமும் உங்களைக் கேட்கிறாள்.

சேர்ந்து வாழக் கூப்பிடவில்லை. அடி மறக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை சபை கூடும்போது வாருங்கள். நான் பொய் சொன்னேன் என்று தமிழில் சொல்வேன். அதையும் நீங்கள்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா