தடுப்புக்கு அந்தப் பக்கம்

இன்று பள்ளி விட்டதும் மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு குச்சியை வாயில் ஒதுக்கிக்கொண்டேன். அந்த மரத்தூள் வாசனையும் அசட்டுத் தித்திப்பும் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். போன வருஷம் போய்ச் சேர்ந்தவள், இப்போதுதான் டிக்கெட் வாங்கியவள் போல.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை வருஷம் எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் கத்தினால் கட்டாமல் என்ன செய்யும்? நாளைக்கான ரைம்ஸ் திட்டத்தை இன்னும் எழுதவில்லை. அலுப்பாக இருக்கிறது. ஒரு பாட்டும் மனதில் ஓடவில்லை, உன்னோடு போட்ட திட்டங்கள்தான் ஓடுகின்றன.

தொண்ணூறுகளில் நாம் வேலை பார்த்த கோபாலபுரத்துப் பள்ளி ஒரு பழைய பங்களா. அதன் கூடத்தை பிளைவுட் தடுப்பால் இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் என் ஏ பிரிவு, அந்தப் பக்கம் உன் பி பிரிவு. உனக்கு நல்ல குரல். எனக்கு வாய்த்தது கட்டைத் தொண்டை. "மயிலாப்பூர்ல பொறந்து சுருதி சேராத ஒரே ஆளு நீதான்டி" என்று சைதாப்பேட்டைக்காரி நீ கிண்டல் செய்வாய். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன், ஒன்றும் எடுபடாது.

அந்த நல்ல குரல்தான் போயிற்று. தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்நேரமும் ஒரு அதிமதுரக் குச்சியை வாயில் ஒதுக்கிக்கொண்டு இருந்தாய். உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடியிருந்த நேரம். உன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. லீவு கேட்டால் அந்த இடத்தில் மறுநாளே வேறொருத்தி வந்து நிற்பாள் என்று நம் இருவருக்கும் தெரியும். மற்றப் பாடங்களைக் கைதட்டியும் படம் காட்டியும் ஓட்டிவிட்டாய். ரைம்ஸ் வகுப்பை என்ன செய்வது? பாட்டுச் சத்தம் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைவரை கேட்டாக வேண்டுமே.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுவோம். இரண்டு வகுப்புக்கும் ஒரே பாட்டு, ஒரே நேரம். நீ தடுப்பில் ஸ்கேலால் தட்டினால் நான் பாட ஆரம்பிக்க வேண்டும். உன் வகுப்பில் நீ செய்கை மட்டும் காட்டுவாய். முதல் வாரம் எல்லாம் சொதப்பியது. நான் பாட்டுக்கு ஓட்டமாக ஓடிவிட்டேன். உன் பிள்ளைகள் இன்னும் முதல் அடிக்கே கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "மூச்சு வுடுடி. என் பசங்க கைய எறக்க வேணாமா?" என்று குரலே இல்லாமல் வெறும் காற்றால் திட்டினாய். அதன் பிறகு ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு மூச்சு நிற்பது என்று முடிவு செய்தோம்.

செய்கைக்குத் தோதான பாட்டு கிடைக்காவிட்டால் நாமே கட்டினோம்.

லாரி லாரி தண்ணி லாரி
கொடத்தத் தூக்கி ஓடி வா மாரி

ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒரு மூச்சு, குடத்தை இடுப்பில் வைக்க ஒரு மூச்சு. லாரிக்குக் காத்திருந்து பழகிய வீட்டுப் பிள்ளைகள். குடம் தூக்கச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் மாதம் வாசலில் செங்கல் வந்து இறங்கியது. தடுப்பை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று ஆயா சொன்னாள். சுவர் வந்தால் என் பாட்டு உன் பக்கம் எட்டாது. அன்று நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் நாம் தண்ணி லாரிப் பாட்டில் இருந்தபோது, அளவெடுக்க மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் உன் வகுப்புக்குள் வந்துவிட்டார். எனக்கு அது தெரியாது. உன் வகுப்புப் பையன் ஒருவனின் குரல்தான் கேட்டது.

"எங்க மிஸ்ஸு பாடாது மேடம். தொண்ட புண்ணாயிகீது. அந்தாண்ட மிஸ்ஸுதான் பாடும்."

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. உன் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஏன் நிறுத்திட்டேள்?" ஹெட்மிஸ்ட்ரஸ் தடுப்புக்கு மேலாக என்னைத்தான் கேட்டார். "குழந்தைகள்லாம் கையைத் தூக்கிண்டு நிக்கறதுகள். பாடுங்கோ."

பாடினேன். சுருதி எங்கேயோ போனது. நடுவில் அவர் மேஸ்திரியிடம் பேசியது காதில் விழுந்தது.

"சுவர் இப்போ வேண்டாம். பெரிய லீவுல பாத்துக்கலாம்."

"செங்கல்லு எறங்கிகீது மேடம்."

"கெடக்கட்டுமே."

அன்று சாயங்காலம் நீ என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் சுவர் வந்தது. உன் குரலும் வந்தது, ஓரம் கிழிந்து. அதை வைத்துக்கொண்டே ஓய்வு பெறும்வரை பாடினாய். உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு களைப்பு. இன்று பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் போன வாரம் கேட்டாள். "ஏன் மிஸ், ஒவ்வொரு லைனுக்கும் நிறுத்தி நிறுத்திப் பாடுறீங்க? பசங்க முடிச்சிட்டு உங்களயே பாத்துக்கிட்டு இருக்காங்க." பழக்கம்மா என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? சுவருக்கு அந்தப் பக்கம் நீ கையை இறக்கட்டும் என்றுதான் நிற்கிறேன்.