வியாழக்கிழமை மலையேறாதே

கமிசாவா
பிப்ரவரி 9

அன்பு மகன் தேய்ஜிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். செண்டாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

இங்கே மூன்று நாளாகப் பனிப்புயல். கூரைப் பனியை இரண்டு தடவை தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டு தோமியே அக்கா, "ஏண்டி, கூரை மேல நின்னு மலையவே முறைக்கிறியே, உனக்குப் பயந்து அது ஓடிடவா போகுது?" என்று கேலி செய்கிறாள். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் பொங்கி வழிந்து கிடக்கிறது.

வருகிற வியாழனோடு அப்பா போய் ஒரு வருஷம். சாவு விழுந்த வீட்டு ஆண் வருஷம் திரும்பும்வரை மலையில் கால் வைக்கக் கூடாது என்பது நம் வேட்டைக்காரர்கள் வழக்கம். நீ அதை மீறவில்லை. ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அப்பா பனியில் புதைந்த சரிவில் அன்றைக்கே போய் சாகே மதுவை ஊற்றிக் கும்பிடப்போவதாக அப்பாவின் வேட்டைக் கூட்டாளி நுமாகுராவிடம் சொன்னாயாமே. என்னிடம் சொல்லவில்லை.

நுமாகுரா நேற்று காட்டு ஓரம் வரை போய்ப் பனியில் குழி வெட்டிப் பார்த்தார். அடியில் பழைய பனி கல்லுப்பு மாதிரி உதிர்கிறதாம். அதன் மேல் புதுப்பனி கனத்துக் கிடக்கிறதாம். "அண்ணி, மண்வெட்டிய வச்சு அஞ்சே தட்டு. மேல்பாதி டோஃபு மாதிரி வழுக்கிட்டு வந்துடுச்சு. அந்தப் பய வந்தான்னா அவன் பனிச்சறுக்குக் கட்டைய ஒடிச்சு அடுப்புல போடுங்க" என்றார். காற்று இன்னும் அந்தச் சரிவில்தான் பனியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. புதன்கிழமை மறுபடியும் புயலாம். மரங்களுக்குள்ளேயே போய்விடுவேன் என்பாய். கடைசியில் அந்த மொட்டை வெளியைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒவ்வொருவராகத் தாண்டும் முறைப்படி அப்பா அந்த வெளியைத் தனியாகத் தாண்டினார், நீ மரத்தடியில் காத்திருந்தாய். பனி அவரை அடித்துக்கொண்டு போனதும், பனிக்குள் புதைந்த ஆளைத் தேடும் கருவியோடு ஓடினாய். புயலுக்குப் பயந்து நான் அந்நேரம் உனக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தால் கருவி தடுமாறும் என்று மீட்புக் குழுவினர் நூறாம் நாள் சடங்கில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்பாவை எடுக்க ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. நீயோ, "நான்தாம்மா சரியாத் தேடல" என்று என் முன் தரையில் நெற்றியை வைத்து அழுதாய். என் போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பாரம் என்னுடையது, தேய்ஜி. அதையும் தூக்கிக்கொண்டு நீ மேலே போகாதே.

கோயில் துறவியிடம் பேசிவிட்டேன். வீட்டிலேயே சடங்கு செய்வார். ரயிலில் வா. மே மாதம் மண் தெரிந்த பிறகு இருவரும் சரிவுக்குப் போவோம். முழங்கால் வலித்தாலும் நான் ஏறுவேன்.

அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். வானம் சரியில்லை என்று எத்தனையோ தடவை பாதி வழியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அந்த ஒருநாள்தான் அவர் திரும்பவில்லை.

நீ பயந்தாங்கொள்ளியாகவே நூறு வயசு வாழ வேண்டும், என் கண்ணே.

உன் அம்மா,
ஷிசு