அன்றைக்கு நின்றது கம்ப்யூட்டர்தான்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், படுத்தால் தூங்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். என் கால்வலி அப்படியே இருக்கிறது, காது இன்னும் மோசம், போனை எந்தப் பக்கம் வைத்தாலும் உள்ளே கொசு பாடுகிற மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரில் பேசும்போது பேச்சை நான் நிறுத்தவில்லை. "இந்த மனுஷனோட இனிமே முடியாதும்மா, குட்டியத் தூக்கிட்டு அங்கேயே வந்துடட்டுமா" என்று நீ கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. கறுத்த திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. அதுவே என் பதில் என்று நீ எடுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் நீ வாங்கிக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரில் நீ சொல்லிக்கொடுத்த பச்சைப் படத்தை நானே அழுத்தி அழுத்திப் பார்த்தேன், மணி அடித்து அடித்து ஓய்கிறது, நீ எடுப்பதில்லை. பெரிய திரையில் உன் உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பாதி பேச்சு விளங்கும் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. உன் சித்தியோடு நான் பேசாமல் இருந்ததை மனதில் வைத்துக்கொண்டுதானே இப்படி நினைத்தாய்? பேசாமல் இருந்தது உண்மைதான், இன்றைக்கும் அவள் செய்ததை மறக்கவில்லை. ஆனால் "இனிமே உன்கிட்ட பேச மாட்டேன்" என்று அவள் முகத்துக்கு நேரே, அவள் வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல் யாரையும் நான் விட்டதில்லை. என் வயிற்றில் பிறந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா?

சரி, அது ஏன் நின்றது என்று கேள். சில மாதமாகவே அப்படித்தான், பேசிக்கொண்டே இருக்கும்போது பொசுக்கென்று உயிர் போய்விடும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். உன் அண்ணன் என் காலைப் பார்த்துக்கொண்டு, "நீதாம்மா கால நீட்டி எதையோ மிதிக்கிற" என்றான். இந்தக் காலை மடக்குவதே பாடு, இதில் நீட்டி மிதிக்கிறேனாம். காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு பேசினேன், அப்போதும் நின்றது. பிளக்கை மாற்றினான், ஒயரை மாற்றினான், கரண்டு ஏறி இறங்குகிறது என்று ஒரு பெட்டி வாங்கி மாட்டினான். ரிப்பேர்காரர் வந்து திறந்து பார்த்து, தூசியை ஊதினார், உள்ளே இருந்த பச்சைப் பட்டையை எடுத்து அழிரப்பரால் தேய்த்தார், பவர் சப்ளையை மாற்றினார். அப்படியும் நின்றது, ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார்கள். அங்கே காலையில் போட்டால் கடை மூடும்வரை ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசுவதற்குள் போய்விடுகிறது. "அதுக்கு உன் பேச்சு புடிக்கலம்மா" என்று உன் அண்ணன் சிரித்தான். உன் அண்ணியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது வாயில் அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? கூடத்து மூலையில் செருப்பு வைக்கிற மர அலமாரி இருக்கிறதே, அதற்குள். திரை மட்டும் மேலே. பெட்டிக்குள் இருக்கிற விசிறி இரைகிறது, டிவி கேட்கவில்லை என்று உன் அண்ணி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, ஒயர் வர மட்டும் பின்னால் ஓட்டை போட்டிருந்தாள். நீ பேசாமல் போனதற்கு அப்புறம் உன் அண்ணன் தன் குழாய்க் கடைக்குப் போன நேரம் பார்த்து ரிப்பேர்காரரை நானே வரச் சொன்னேன். அவர் வந்தார், அலமாரியைத் திறந்தார், உள்ளே கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். கொஞ்சமாவது கேட்கிற காதுப் பக்கம் வந்து கத்திச் சொன்னார், "இன்னும் இதுக்குள்ளதான் வெச்சிருக்கீங்களா? மொத நாளே உங்க பையன்கிட்ட வாசல்ல வெச்சு சொன்னேனேம்மா, வெளிய எடுத்து வைங்க, காத்து போகலன்னா சூடு தாங்காம தானே நின்னுடும், இல்லன்னா உள்ள வெந்துடும்னு. சரி செஞ்சுடறேன்னாரே." ரிப்பேர் கடைக்கு வேறு எடுத்துப் போகச் சொன்னது உன் அண்ணன்தானாம், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்றானாம். சூடு தாங்காவிட்டால் தானே நின்றுவிடுகிற வசதி அதற்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் நீ நாடகத்தில் நடிக்கப் போகிற அன்றைக்கு உன் செருப்பில் ஒன்று காணாமல் போனதே. வீடே தேடியது, உன் அண்ணனும் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினான், "எங்கடி வெச்ச, நல்லா யோசி" என்று உன்னையே கேட்டான். சாயங்காலம் அவன் பையிலிருந்துதான் விழுந்தது. இப்போதும் அப்படித்தான் கூடவே தேடியிருக்கிறான். அவன் வந்ததும் கேட்டேன், மறந்துவிட்டேன் என்றான். எந்த வீட்டுக் குளியலறைக்கு எத்தனை அங்குலக் குழாய் கொடுத்தான் என்று பார்க்காமல் சொல்கிறவன் இதை மறந்தானாம். உன்னிடம் என்ன சொன்னான் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லல, அவ போன்ல கேட்டா, அம்மா கொஞ்சம் கோவமா இருக்காங்கன்னு மட்டும் சொன்னேன்" என்றான். எதற்கு இப்படிச் செய்தான் என்று யோசிக்கவே வேண்டாம். உன் அறை முழுக்க அவன் கடைக் குழாயும் வளைவும் வால்வும்தான் அடுக்கியிருக்கிறது, நீ வந்தால் அதை எங்கே கொண்டு போவான்? உன் அண்ணி வந்து, "விடுங்க அத்தை, ஒரு சின்ன விஷயத்துக்கு" என்றாள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான்.

பெட்டியை வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைக்கச் சொன்னேன், ரிப்பேர்காரரே வைத்துவிட்டுப் போனார். விசிறி நன்றாக இரைகிறதாம், எனக்குத்தான் கேட்காதே, நிம்மதி. நாங்க எங்க உக்காந்து சாப்பிடறது என்று உன் அண்ணன் கேட்டான். செருப்பு அலமாரி காலியாக இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடு என்றேன். விடிந்தால் போடுகிறேன், பொழுது சாய்ந்துதான் நிறுத்துகிறேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து உன் அறையிலிருந்த குழாயை எல்லாம் அவன் படுக்கிற அறை வாசலில் அடுக்க வைத்துவிட்டேன். அறைச் சாவி என் இடுப்பில். இனி அவன் நம்பருக்குப் பேசி எனக்கு எதுவும் சொல்லி அனுப்பாதே.

அவன் மேல் எனக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் உன் மேல் இரண்டு பங்கு. அவன் குணம் எனக்குத் தெரியும், என் குணம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் மறக்கப் போவதில்லை, நீ வந்து எதிரில் உட்கார்ந்த பிறகு நேரிலேயே கேட்பேன், அழுது தப்பிக்கலாம் என்று பார்க்காதே.

நீயும் குழந்தையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். குட்டிக்கு என் முத்தம். கிளம்பும்போது உன் சர்டிபிகேட், குட்டியுடைய பிறப்புச் சான்று எதையும் அங்கே விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தை நானே நடந்து போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன், வீட்டில் யாரிடமும் கொடுக்கவில்லை. கிடைத்ததும் கம்ப்யூட்டரில் கூப்பிடு, மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கப் போனேனே, அப்போது சொல்ல வந்தது ஒரே வார்த்தைதான். வா.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு உட்கார்ந்திருக்கும்
அம்மா