தண்ணீர் என்றால் தண்ணீர்தான்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் உங்கள் முகம் வந்து எதிரே நிற்கிறது, கை ஓடவில்லை. குரல் பதிவு அனுப்பவோ இனி எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்த ஈமெயில். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். பாதியைக் கேட்டுவிட்டு முடிவு கட்டுகிற புத்தி நம் வீட்டில் ஒருத்திக்கு இருந்தால் போதும்.

முதலில் பாப்பா. நன்றாக இருக்கிறாள். கீழ்ப்பல் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். நேற்று உங்கள் பழைய செருப்பின் வாரை வாயில் வைத்துக்கொண்டு, பிடுங்கப் போன என்னைப் பார்த்து உறுமினாள். சளி விட்டுவிட்டது. எடை போதுமென்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலறைத் தண்ணீர் வடிகட்டியை என் அண்ணன் வந்து மாற்றிக் கொடுத்தார். எல்லாம் ஆரம்பித்தது அந்த வடிகட்டி மாற்றிய அன்றைக்குத்தான்.

கப்பலில் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. உங்களோடு வேலை பார்க்கிற நெட்டை அண்ணனின் மனைவி சொல்லித்தான் தெரியும். நீங்கள் பேசிய குரல் பதிவு எப்படிக் கப்பலுக்கு வந்தது, யார் பரப்பியது என்று அங்கே எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம். நீங்களும் யோசித்திருப்பீர்கள். என் அண்ணனைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். அவர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான்தான்.

அடுத்த மாதம் ஊழியர் குடும்பப் பயணத்துக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு வருவது என்று முடிவானதிலிருந்து உங்களை நான் எப்படிப் படுத்தினேன் என்று எனக்கே தெரியும். குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தானா, குளியலறைக் குழாயும் அதேதானா, பால்பவுடர் கலக்கலாமா. ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன். நீங்களும் அலுக்காமல் சொன்னீர்கள். கடல் தண்ணீரை எடுத்து உப்பை நீக்கி, கொஞ்சம் துறைமுகத்திலும் ஏற்றி, குளோரின் போட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் எடுத்துச் சோதித்துத்தான் அறைக்கு அனுப்புகிறோம் என்றீர்கள். "நம்ம வீட்டுக் குழாயைவிட இது சுத்தம்மா. குழந்தைக்கு மட்டும் கொதிக்க வச்சு ஆறவச்சுக் கொடு. வீட்ல என்ன செய்றியோ அதேதான். நான்தானே அதைப் பாக்கறேன், என்னை நம்பமாட்டியா?" என்று கடைசியில் சிரித்தீர்கள்.

நம்பியிருக்கலாம். ஆனால் உங்களிடம் பேசிவிட்டுப் படுத்ததும் நான் போனில் படிக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு பக்கம் கப்பல் தண்ணீர் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும். அடுத்த பக்கத்தில் யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குக் கப்பலில் வயிறு கெட்டுப்போன கதையை எழுதியிருப்பாள். தண்ணீரால்தான் கெட்டது என்று அவளும் எழுதியிருக்கமாட்டாள். எனக்கு அது போதும். நல்லதாக எத்தனை படித்தாலும் மனசு அந்த ஒருத்தியிடமே போய் நிற்கும்.

அன்றைக்கு அண்ணன் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் ஈரம் என்று போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, புது வாஷர் வாங்கக் கடைக்குப் போனார். அப்போது அந்தப் போனில் உங்களிடமிருந்து இரண்டு குரல் பதிவுகள் வந்தன. என் புருஷன் குரல்தானே, கேட்டால் என்ன என்று தொட்டேன். கடைசியாக வந்ததுதான் முதலில் ஓடியது. நீங்கள் பேசியது எனக்கு மனப்பாடம்:

"மொத்தத்துல இந்தக் கப்பல்ல தண்ணி ரொம்ப மோசம் மச்சான். நான் வாயிலயே வைக்கிறதில்ல. இதையெல்லாம் அவகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துக்குவா. அப்புறம் பாப்பாவைத் தூக்கிட்டு வரவேமாட்டா."

என் நிலைமையில் உட்கார்ந்து அதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்றா என்று தோன்றியது. முதல் பதிவைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த ஒன்றை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். பிறகு, கப்பல்காரர் மனைவிகள் நாங்கள் வைத்திருக்கிற குழுவில் போட்டேன். கீழே நான் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "தண்ணீரைச் சோதிக்கிறவரே குடிப்பதில்லையாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்." எல்லாருக்கும் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பாப்பாவுக்குப் பால் கலக்கப் போனேன்.

அண்ணன் வந்ததும் அழுதுகொண்டே சண்டை போட்டேன். இவ்வளவு தெரிந்தும் என்னிடம் மறைத்தீர்களே என்றேன். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, மாப்ள தண்ணியடிக்கிறதைப் பத்திப் பேசறாரு. கப்பல்ல தண்ணி கிண்ணி தாராளமா ஓடுமாமே, நீங்க எப்படின்னு நான்தான் கிண்டலாக் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்றாரு" என்றார். "காலேஜ் போய்ப் படிச்சவளுக்குத் தண்ணிக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். மற்றதைக் குடி என்றே எழுதுகிறேன். இந்த ஒழுங்கு அன்றைக்கு வந்திருக்கலாம்.

உடனே குழுவில் எழுதினேன். தவறாகப் புரிந்துகொண்டேன், கப்பல் தண்ணீர் நல்ல தண்ணீர், யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினேன். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. நான் மறுத்ததே வினையாகிவிட்டது. "பாத்தியா, கம்பெனியிலேருந்து மிரட்டிட்டாங்க போல" என்று ஒருத்தி எழுதினாள். "பாவம், புருஷன் வேலை போயிடும்னு பயப்படறா" என்று இன்னொருத்தி. பத்திரமாக இருங்கள் என்று கைகூப்பிய படங்கள் வேறு வந்தன. உண்மையைச் சொன்னபோதுதான் அவர்கள் என்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். பொய்யைச் சொன்னபோது நன்றி சொன்னார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பயணிகள் பாட்டில் தண்ணீருக்குச் சண்டை போட்டதும், பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கக்கூடப் பாட்டிலைத் திறந்ததும், அதிகாரி உங்களைக் கூப்பிட்டதும். சமையல் பிரிவில் நம் மொழி தெரிந்த ஒருவரை வைத்து உங்கள் பேச்சை மொழிபெயர்க்கச் சொன்னார்களாம். அவர் தண்ணி என்றால் தண்ணீர் என்று சொல்லுக்குச் சொல் சொல்லிவிட்டாராம். சோதனையில் எல்லாத் தொட்டியும் சரியாக இருந்தும், அப்படியானால் ஏன் சொன்னாய் என்று கேட்கிறார்களாம். நீங்கள் வாயே திறக்கவில்லையாம்.

ஏன் திறக்கவில்லை என்று முதலில் எனக்கும் புரியவில்லை. "ஐயா, நான் சொன்னது குடியைப் பற்றி" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. என்மேல் உள்ள கோபத்தில் இப்படிச் செய்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன். பாருங்கள், அங்கேயும் என்னைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன்.

நேற்றுத்தான் அண்ணனிடம் கேட்டு முதல் பதிவை வாங்கினேன். "ஓடுது மச்சான், ஆறா ஓடுது. நம்ம நெட்டையன் வேலை நேரத்துலயே போட்டுட்டு உக்காந்திருக்கான். கேட்டா அழறான். இனிமே தொடமாட்டேங்கறான், மறுநாள் அதே கதை. அவன் நேரத்தையும் சேத்து நானே போய்ப் பாத்துட்டு வரேன். வெளிய தெரிஞ்சா அவன் பொழப்பு போச்சு."

குடியைப் பற்றி என்று சொன்னால் யாருடைய குடி என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். சரிதானே?

இந்தப் பதிவு இப்போது என் போனில் இருக்கிறது. அதிகாரியின் அலுவலக முகவரியும் இருக்கிறது. இரண்டு பதிவுகளையும் சேர்த்து அந்த முகவரிக்கு அனுப்பினால் நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடலாம். சாயங்காலம் அனுப்பிவிடலாம் என்று முகவரியைக்கூட அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் கதவு தட்டினார்கள். நெட்டை அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் மனைவிகள் குழுவிலேயே என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசாத ஒரே ஆள் அவர்தான். "நீ முதல்ல சாப்பிடு, பிள்ளையை நான் பாக்கறேன்" என்று பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் சாப்பிட்டேன். அவர் பாப்பாவுக்கு ஊட்டினார். மேஜைமேல் என் போன் குப்புறக் கிடந்தது.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறேன். தன் புருஷனைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார். "உன் வீட்டுக்காரர் இல்லாம இப்ப எங்க வீட்டுக்காரர்தான் தண்ணி ரூமை ஒத்தை ஆளாப் பாக்கறாராம். தூக்கமே இல்லையாம், குரலே மாறிப்போச்சு. போன்ல சும்மா சும்மா அழறாரு. உன் வீட்டுக்காரர் மேல அவ்வளவு பாசம்" என்றார்.

அவர் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் ஊரெல்லாம் சொன்னபோது அந்தத் தண்ணீர் நன்றாக இருந்தது. நீங்கள் இரண்டு பேர் வேலையையும் செய்ததால் நன்றாக இருந்தது. இப்போது உங்களை உட்கார வைத்துவிட்டு, குடித்துவிட்டு அழுகிற ஒருவரிடம் அதை விட்டிருக்கிறார்கள். குளோரின் மருந்தை மெஷினே போடும், குறைந்தால் மணி அடிக்கும் என்று நீங்கள் எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மணி அடித்தால் எழுந்து போக ஒரு ஆள் தெளிவாக இருக்கவேண்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டால்? என்னைப் போல ஒருத்தி அந்தக் கப்பலில் பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருப்பாள். என்னைப் போலப் பயப்படாதவளாக, குழாயை நம்புகிறவளாக இருப்பாள்.

இது என் வழக்கமான பயமா, நியாயமான பயமா என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு நாள் எதற்கெடுத்தாலும் பயந்ததில், உண்மையாகப் பயப்படவேண்டிய இடம் வரும்போது என்னையே என்னால் நம்ப முடியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும். அந்த மெஷினும் தெரியும், அந்த மனிதரையும் தெரியும்.

உங்களைக் கேட்காமல் இனி எதையும் யாருக்கும் அனுப்பமாட்டேன். இது சத்தியம். அனுப்பு என்றால் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அக்காவிடம் நானே போய் உட்கார்ந்து சொல்லிவிடுவேன், அவர் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்களே நெட்டை அண்ணனிடம் பேசி அவரையே போய்ச் சொல்லவைக்க முடியும் என்றால் அதுதான் நல்லது. எல்லாப் பழியும் என்மேல் என்று அதிகாரிக்கு எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன், அது உண்மைதான். ஆனால் ஒன்றும் செய்யாதே, சும்மா இரு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒருவரைக் காப்பாற்ற நீங்கள் மௌனமாக இருப்பது எனக்குப் புரிகிறது. அந்த மௌனத்தில் மற்ற எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களே.

வேலை போனால் போகட்டும். நீங்கள் வீட்டுக்கு வந்தால் பாப்பா மூன்று நாள் உங்களைக் கண்டு அழுவாள், பிறகு உங்களைத் தவிர யாரிடமும் போகமாட்டாள். அதற்கெல்லாம் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் என்னைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பீர்கள் என்பதுதான்... அதை விடுங்கள். அதை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

என் செய்திகளைப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது, நீல அடையாளம் வருகிறது. திட்டவேண்டுமென்றால் திட்டுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால், தண்ணீரை இப்போது யார் பார்க்கிறார், நான் என்ன செய்யவேண்டும், இதை மட்டுமாவது இரண்டு வரியில் எழுதுங்கள்.

நீங்களும் அந்தக் கப்பலில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும்.

தலைகுனிந்து,
பாப்பாவின் அம்மா

இதைப் படித்ததும் பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள்.