தலைவர் வீட்டில் இருக்கிறார்

தம்புள்ளை
04.03.2024

அன்புத் தங்கச்சி துஷாந்தினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் குறையவில்லை. என் நம்பரை நீ ப்ளாக் பண்ணி வைத்திருப்பதால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனா பிடிக்கிறேன்.

நேற்றுக் காலை மரக்கறிக் கடையில் கரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கடை கலந்தர் போனை நீட்டினார். "நிமலன், இது ஒங்க தங்கச்சிதானே?" பார்த்தால் உன் ஸ்டூடியோ. முழங்கை வரை பெயின்ட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். பின்னால் ஆளுயரத்துக்கு அப்பா.

அதைப் படம் என்று சொல்வதா? முகம் பாதி உருகின மாதிரி. கழுத்து நரம்பு கயிறு மாதிரி. கை ஓங்கியபடி நிற்கிறார். மூலையில் ஒரு பொம்பளை துணி மூட்டை போலச் சுருண்டு கிடக்கிறாள். தலைப்பு வேறு: 'தலைவர் வீட்டில் இருக்கிறார்'. ஆயிரம் பேர் லைக் போட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து ஆளை மிருகமாகக் காட்டினால் கொழும்பில் ஏசி அறைக்குள் இருக்கிறவனுக்கு அது கலை. உனக்கும் அவன்தான் முக்கியம்.

தொழிற்சங்கத் தலைவராக நின்று, துரையோடு சண்டை பிடித்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனுஷன் அவர். செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் பெயரில் தோட்டத்தில் முன்பள்ளி கட்டுகிறேன், மே கடைசியில் திறப்பு. வருகிறவர்கள் எல்லோர் போனிலும் உன் அசிங்கம் இருக்கும்.

அதை எடுத்துவிடு.

அண்ணன்
நிமலன்


உக்குவளை
11.03.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அழகாக இருக்கிறது. ஹாஸ்டல் படிப்பு வீண்போகவில்லை.

முகம் உருகின மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படத்தைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தால் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். நீங்கள் பார்த்ததில்லை. உங்களைக் கண்டியில் படிக்க விட்டிருந்தார். லீவுக்கு நீங்கள் வந்தால் வீட்டில் கோழி அடிப்பார்கள். கண் வீங்கியிருந்தால் அம்மாவே அடுப்புப் புகை என்பார். நீங்கள் அதை நம்பிக்கொண்டு ஈரலைச் சாப்பிட்டீர்கள்.

தண்ணீர் கொண்டுவந்தது உண்மைதான். யார் இல்லையென்றது? மற்றப் பொம்பளைகள் வருவதற்கு முன்னால் அம்மா போய் முகம் கழுவியதும் அந்தக் குழாயில்தான்.

முன்பள்ளி கட்டுங்கள். மாலை போட்ட போட்டோவும் மாட்டுங்கள். நாம் இரண்டு பேரும் மாட்டுவது ஒரே ஆளைத்தான். உங்களுடையதில் அவர் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

படம் இந்த மாதக் கடைசியில் மாத்தளைக் கண்காட்சிக்குப் போகிறது. அங்கே ஏசி இல்லை, ஃபேன் சுற்றுவதே சந்தேகம். கூச்சப்படாமல் வரலாம்.

துஷாந்தினி


தம்புள்ளை
18.03.2024

துஷாந்தினிக்கு,

அப்பா ஒன்றிரண்டு தடவை கை நீட்டியிருக்கலாம். எந்த வீட்டில் இல்லை? உனக்கு அப்போது ஆறு வயது. கண்டதையும் கனவையும் குழப்பிக்கொண்டு நிற்கிறாய்.

அம்மாவிடமே கேட்டேன். மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "ஒங்கப்பா நல்ல மனுஷன்யா" என்றார். அதற்கு மேல் யாருடைய சாட்சி வேண்டும்? கட்டின புருஷனோடு இருக்கத் தெரியாமல் தையல் கடை மாடியில் தனியாகக் கிடக்கிறாய். உன் கசப்பைக் கொண்டுபோய் அப்பா முகத்தில் பூசாதே.

காசு கொடுத்து இதை வாங்க ஒருவனும் வரமாட்டான். கண்காட்சி முடிந்ததும் என் கடைக்கு அனுப்பு. மழைக்கு மரக்கறிப் பெட்டிகளை மூட உதவும்.

நிமலன்


உக்குவளை
05.04.2024

அண்ணனுக்கு,

வருஷப் பிறப்பு வருகிறது. அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

படம் முதல் நாளே விற்றுவிட்டது. வாங்கியவர் பெயர் இத்ரூஸ். குருநாகலில் பங்களா கட்டுகிறாராம். பங்களாக்காரர் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "லொறியில ஏறுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அப்பாவின் முகத்துக்கு மேலே இரண்டு சாக்கைப் போட்டுக் கட்டினார். சாக்கில் சிவப்பு மையில் உங்கள் கடைப் பெயர்.

ஒளித்துச் செய்கிற வேலையையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா, அண்ணே? எரிக்கத்தானே வாங்கினீர்கள்? எரியுங்கள். எண்ணெய்ச் சாயம், நன்றாகப் பிடிக்கும். அம்மாவைத் தள்ளி உட்கார வையுங்கள். அந்தப் புகையையும் அவர் விழுங்க வேண்டாம்.

அடுத்த படத்தைத் தொடங்கிவிட்டேன். இதைவிடப் பெரிது. இன்னும் நாலு சாக்கு எடுத்து வையுங்கள். கடிதம் போடாதீர்கள், பதில் எழுத எனக்கு நேரமில்லை.

துஷாந்தினி


தம்புள்ளை
09.05.2024

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அம்மா எழுதச் சொன்னார்.

எரிக்கத்தான் இத்ரூஸை விட்டு வாங்கினேன், இனி அதை மறைக்கப்போவதில்லை. படம் வந்த அன்று நல்ல மழை. பின் அறையில் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பிறகு வருஷப் பிறப்பு வியாபாரம், அப்படியே கிடந்துவிட்டது.

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். குசினியில் அம்மாவைக் காணவில்லை. பின் அறையில் இருந்தார். சாக்கெல்லாம் அவிழ்ந்து கீழே கிடந்தது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படித் தனியாகத் திருப்பினாரோ தெரியவில்லை. அரிசி மூட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஒரு பைத்தியம்மா, நீங்க எழும்புங்க" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கை தப்பு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"வலது கையப் போட்டிருக்கா. எடது கையாலதான் அடிப்பாரு. கட்டிலுக்குக் கீழ கெடந்த புள்ளைக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "வலது கையில சோறு இருக்குமே."

பிறகு எழும்பிப் போய் எனக்குச் சோறு போட்டார். என்னால் கை வைக்க முடியவில்லை.

புதுப் படத்தில் சரியாக வரையச் சொல்கிறார். பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன். உன் மாடிப்படி ஏற அவரால் முடியாது, நான்தான் தூக்கி வரவேண்டும். மேலே உட்கார வைத்துவிட்டு நான் கீழே, தையல் கடை வாசலில் நிற்கிறேன்.

நிமலன்