கண்ணாடியில் அப்பாவின் கட்டைவிரல்

மேற்குத் தாம்பரம்,
சனிக்கிழமை.

சௌபாக்கியவதி ஸஹானாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே என் உடம்புக்கு அம்பாள் ஒரு குறையும் வைக்கவில்லை, மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நேற்று முன்தினம் அப்பாவின் லென்ஸ் பெட்டியைத் திறந்தபோது ஹாலில் இருந்தவர்கள் நான், எதிர்வீட்டு ஞானசௌந்தரி டீச்சர், பழைய கேமரா வாங்கி விற்கிற சிவகுமார், மூன்றே பேர். ஆனால் காபி கலக்கப் போனவள் நாலு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன்.

சேமிப்பைத் தங்கத்தில் போடாமல் லென்ஸாக வாங்கி வைக்கலாமா, விலை இறங்காது என்று அப்பா சொல்வாரே என்று கேட்டிருந்தாய், அதற்காகத்தான் சிவகுமாரை வரச் சொன்னேன். 2014-ல் என் நாலு சவரன் வளையலை விற்று அப்பா இந்த லென்ஸை எண்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கியது, கணக்கு நோட்டில் இருக்கிறது. வளையல் இருந்திருந்தால் இன்று மூன்று லட்சத்துக்கு மேல். லென்ஸ் பழுதில்லாமல் இருந்தாலே முப்பதாயிரம்தானாம், இப்போது வருகிற கேமராக்களில் இது நேராகப் பொருந்தாதாம். வாங்காதே கண்ணே. நம்முடையதோ பழுதில்லாமலும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சிவகுமார், "யாரோ வெறுங்கையால கண்ணாடியத் தொட்டு அப்டியே மூடி வெச்சிருக்காங்கமா. அந்த ரேகையிலதான் பூஞ்சை புடிச்சு வளந்துகினு கீது" என்றார். அந்தக் கண்ணாடியை அப்பா யாரையும் தொடவிட மாட்டார், உனக்கே தெரியும். பள்ளிக்கரணையில் நாரைகளைப் படம் எடுத்துவிட்டு வந்து லென்ஸைக் கழற்றும்போதுதானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காரியங்கள் முடிந்ததும் நான்தான் துடைக்காமல் அவருடைய துண்டிலேயே சுற்றி உள்ளே வைத்தேன். ஆறு ஆயுத பூஜைக்கும் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டேனே தவிர ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன், கட்டைவிரல் ரேகை, அதிலிருந்து வெள்ளையாய் வேர் ஓடியிருக்கிறது. நான் வெளியே விளக்கேற்றிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

துடைத்துவிட்டுப் பதினெட்டாயிரம் தருகிறாராம், அப்படியே விட்டால் பூஞ்சை கண்ணாடியையே தின்றுவிடுமாம், அப்புறம் ரேகையும் இராது. துணியை எடுத்தே விட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். டீச்சர் காலண்டரைப் பார்த்து, "இன்னிக்கு வியாழன்தானே மாமி" என்றாள். இப்போது சுவாமி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏற்றியதும் அந்த விரல் தெரிகிறது, நமஸ்காரம் பண்ணும்போது கண்ணை மூட முடியவில்லை.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை விளக்கை மறக்காதே, அம்பாள் உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள். சிவகுமார் திங்கட்கிழமை மறுபடி வருகிறார். துடைக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? அதற்குள் பதில் எழுது.

உன் அம்மா,
அபிதகுஜாம்பாள்