பிந்தியதற்குக் காரணம்

எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பாதகமானதையும் விடமாட்டேன்.

இன்று சனிக்கிழமை. பயிற்சி முடிந்து, ஜன்னல் இல்லாத நம் கெடேட் ஸ்டோரில் விளக்கைப் போட்டுவிட்டு, பெல்ட் பக்கிள்களைத் துடைக்கப் பித்தளை பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். வாசனையோடு நீ வந்துவிட்டாய். "சோறு தின்னாலும் பாலிஷ்தாண்டி மணக்குது" என்று விரலை மோந்து பார்ப்பாயே, அந்த வாசனை.

போன வருடம் பள்ளிக்கூட கெடேட் அணியில் நாம் இருவரும் கோப்ரல்கள். சட்டைக் கையில் இரண்டு பட்டி, ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள். மூன்றாவது பட்டி, அதாவது சார்ஜன்ட் பதவி, ஒருத்திக்குத்தான். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் வரவுப் புத்தகம் என்னிடம் இருந்தது. பெயர், வந்த நேரம், சப்பாத்து, அணிநடை என்று நான்கு நிரல்கள். யாரை உயர்த்துவது என்பதைப் பொறுப்பாசிரியரான சேர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். இது உனக்கும் தெரியும்.

தெரிந்தும் நீ தொடர்ந்து நான்கு சனிக்கிழமை பிந்தி வந்தாய். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து புதிதாகச் சேர்ந்த தர்ஷினிக்கு, பள்ளிக்கூடம் கொடுத்த சப்பாத்து இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடக்க முடியாமல், அணியைவிட்டு நின்றுவிடப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். நீ உன் லயத்து வீட்டிலிருந்து மேலே ஏறிப் போய், சப்பாத்தின் முனையில் பத்திரிகைத் தாளைத் திணித்து, அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாய். மைதானத்தில் நின்றால் தேயிலைச் சரிவு முழுதும் தெரியும். சின்னவர்களை நங்கி, தங்கச்சி என்று கூப்பிடும் உன் குரலும் கேட்கும்.

"ஏய் நங்கி, நீ சப்பாத்தப் போட்டுக்கிட்டு நடக்குறியா, சப்பாத்து ஒன்னப் போட்டுக்கிட்டு நடக்குதா?"

"ஏன் லேட், கோப்ரல்?" என்று சேர் கேட்டார்.

"என்னோட பிழை, சேர்."

பட்டி போட்டவர் காரணம் சொல்லக் கூடாது, கீழே இருப்பவரைக் காட்டித் தப்பக் கூடாது. இராணுவத்தில் இப்படித்தான் என்று சேர் நமக்குச் சொல்லித் தந்த வழக்கம் அது. அந்த வழக்கம் உன் வாயைக் கட்டியது. என் வாயைக் கட்டவில்லை. 'ஒன்பது நிமிடம் பிந்தி' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. காரணம் எழுத நிரல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பட்டி எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கே கிடைத்தது. எனக்குத் தையல் வராது என்பதால் நீயே தைத்தாய்.

"சார்ஜன்ட் அம்மா, ஆடாம நில்லுங்க. ஊசி குத்திருச்சுன்னா நாட்டுக்கே நட்டம்."

சிரித்ததில் நான் ஆடிவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீ எழுதுனது சரிதாண்டி. நேரம்னா நேரந்தான்" என்றாய். நான் எழுதாமல் விட்டதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மழைக்கால வெள்ளம் வடிந்த பிறகு உனக்கு எலிக்காய்ச்சல் கண்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாய். ஆறாம் நாள் உன்னைப் பெட்டியில் வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அணி இரண்டு வரிசையாக நின்றது. கட்டளை கொடுத்தது நான். குரல் பிசகவில்லை. தர்ஷினி நேரத்துக்கு வந்திருந்தாள், தனியாக.

புதிய கோப்ரலைத் தேர்ந்தெடுக்கும் மாதம் இது. இன்று தர்ஷினி ஏழு நிமிடம் பிந்தினாள். அவளுக்குப் பின்னால், சேறு அப்பிய பெரிய சப்பாத்தோடு ஒரு புதுப் பிள்ளை. சேர் கேட்டதும் "என்னோட பிழை, சேர்" என்றாள். நேரத்தை எழுதினேன். ஓரத்தில் காரணத்தையும் எழுதினேன்.

பக்கிள் துடைத்துக்கொண்டிருந்தபோது சேர் ஸ்டோருக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினார்.

"என்னா புள்ள இது, ஓரத்துல கத எழுதி வச்சிருக்க?"

"காரணம், சேர். போன வருசம் நான் எழுதாம விட்டது."

பிறகு அந்த நான்கு சனிக்கிழமைகளையும் சொன்னேன். மைதானத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவர் பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஆள் மாத்திக் குடுத்திட்டேன்."

"ஆமா, சேர். பட்டியப் பிரிச்சுத் தந்துறவா?"

அவர் என் கையைப் பார்த்தார். "யாரு தைச்சது?"

"அவதான்."

"அப்ப பிரிக்காத. இருக்கட்டும்." எழுந்து நின்று, "கோப்ரலுக்கு யாரு பேரு? எழுது, கதவப் பூட்டணும்" என்றார்.

இடது கையில் கடைசித் தையல் கோணல். அன்று நான் ஆடியதால் வந்தது. சட்டையை இஸ்திரி போடும்போது விரலில் தட்டுகிறது. யாராவது பிந்தி வந்தால் இப்போது நான் கடிகாரத்துக்கு முன் சரிவைப் பார்க்கிறேன், அவளோடு யார் இறங்கி வருகிறார் என்று.

புத்தகத்தில் காரணத்துக்கென்று ஐந்தாவது நிரலுக்குக் கோடு இழுத்தேன். அதன் கீழே புதிய கோப்ரலாகத் தர்ஷினியின் பெயரை எழுதி முடித்ததும், சேர் விளக்கை அணைத்தார்.